இன்ஜின் லைட் எரிந்தால் என்ன அர்த்தம்? பிளக் சொல்லும் சேதி என்ன?



கறவை மாட்டுக்கும் தையல் மெஷினுக்கும் மட்டும் கடன் கேட்ட காலம் போய், இப்போது வண்டிக்கும் நம் குழுக்களில் கடன் கேட்கிறோம். காய்கறி ஏற்ற வேன், வாடகைக்கு ஓட்ட கார், சந்தைக்குப் போக மொபெட் என்று பல வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. 2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தின் மானியத்தில் ஸ்கூட்டர் எடுத்த சகோதரிகளும் உண்டு. சந்தோஷம்தான். ஆனால் வண்டி மூன்று நாள் ஒர்க் ஷாப்பில் நின்றால் என்ன ஆகும்? வருமானம் நிற்கும். தவணை நிற்காது.

மாடு சரியா தின்னலைன்னா நாம் என்ன செய்கிறோம்? மூக்கு ஈரமா இருக்கா, அசை போடுதா, சாணி எப்படி இருக்குன்னு பார்த்துவிட்டுத்தான் டாக்டரைக் கூப்பிடுகிறோம். வைத்தியம் டாக்டர்தான் பார்ப்பார். ஆனால் "என்ன செய்யுது?" என்று அவர் கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் இருக்கும். வண்டி விஷயத்தில் மட்டும், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு நிற்கிறோம். அங்கேதான் பணம் கரைகிறது.

நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, மீட்டரில் எரியும் லைட்டும் அதன் பின்னால் இருக்கும் கோடு நம்பரும். இன்னொன்று, பிளக்கின் நிறம்.

லைட் என்ன சொல்கிறது?

சாவியை ஆன் செய்தவுடன் மீட்டரில் பல லைட்டுகள் எரியும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அவை அணைந்துவிட வேண்டும். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் அணையாமல் எரிந்தாலோ, ஓடும்போது திடீரென்று எரிந்தாலோ, வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் ஒரு குறையைக் கண்டுபிடித்திருக்கிறது என்று அர்த்தம். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பி.எஸ். 6 விதி வந்துவிட்டதால் அதன் பிறகு விற்கும் ஸ்கூட்டர், மொபெட்டில்கூட இந்த லைட் இருக்கிறது.

எந்த லைட்டுக்கு என்ன செய்வது?

• மஞ்சள் இன்ஜின் லைட் நிலையாக எரிகிறது, வண்டி நன்றாக ஓடுகிறது: பயப்பட வேண்டாம். மெதுவாக வீடு போய்ச் சேரலாம். ஓரிரு நாளில் காட்டுங்கள். மாதக் கணக்கில் தள்ளிப் போடாதீர்கள்.

• மஞ்சள் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுகிறது, வண்டி குலுங்குகிறது: சில காரில் இது "மிஸ்ஸிங் பலமாக இருக்கு" என்ற எச்சரிக்கை. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் அங்கே எரிந்து, புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அது விலை அதிகமான பாகம். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள்.

• சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குப்பி லைட்: உடனே நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். ஆயில் அழுத்தம் இல்லை. "பக்கத்து ஊர்தானே" என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

• சிவப்பு வெப்பமானி லைட்: சூடு ஏறிவிட்டது. நிறுத்தி ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. விசில் அடங்காத குக்கரைத் திறப்பது மாதிரிதான் அதுவும்.

• சிவப்பு பேட்டரி லைட்: சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் அறுந்திருக்கலாம். சில வண்டியில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் ஓட்டுகிறது. ஆகவே சூட்டு முள்ளையும் கவனியுங்கள்.

கோடு என்றால் என்ன?

லைட் எரியும்போதே கம்ப்யூட்டர் தன் ஞாபகத்தில் ஒரு நம்பரை எழுதி வைக்கிறது. அதுதான் கோடு. காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்கால் பக்கம் 16 ஓட்டை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனர் மாட்டினால் கோடு தெரியும். கைப்பேசியோடு இணைத்துப் பார்க்கும் சிறிய ஸ்கேனரும் கடைகளில் கிடைக்கிறது.

கோடில் ஒரு எழுத்தும் அதன் பிறகு நாலு இடமும் இருக்கும். உதாரணம்: பி0302. இன்ஜின், கியர் பக்கத்துக் குறைக்கு முதல் எழுத்து 'பி' (பவர் என்ற சொல்லில் வரும் பி). கதவு, ஏர்பேக் போன்ற பாடி பக்கத்துக் குறைக்கும் 'பி'தான் (பாடி என்ற சொல்லில் வருவது). காதில் இரண்டும் ஒரே மாதிரி விழும். ஆகவே வாயால் கேட்டுக்கொண்டு வராதீர்கள். ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள், அல்லது ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கு அடுத்து 0 இருந்தால் அது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 இருந்தால் அந்தக் கம்பெனிக்கு மட்டுமே உரியது. அதற்கு அடுத்த எண் எந்தப் பகுதி என்று காட்டும். 1, 2 என்றால் பெட்ரோல், காற்று. 3 என்றால் தீப்பொறி, மிஸ்ஸிங். 4 என்றால் புகை சம்பந்தப்பட்டது.

அடிக்கடி வரும் சில பொதுக் கோடுகள்:

• பி0300: மிஸ்ஸிங் இருக்கிறது, ஆனால் ஒரே சிலிண்டரில் இல்லை.
• பி0301, 0302, 0303, 0304: முறையே 1, 2, 3, 4-வது சிலிண்டரில் மிஸ்ஸிங்.
• பி0171: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.
• பி0172: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு.
• பி0115 முதல் பி0119 வரை: இன்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார் பக்கம் குறை.
• பி0135: சைலன்ஸர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் லைனில் குறை.
• பி0335: இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார் லைனில் குறை. வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம்.
• பி0420: கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை.
• பி0562: மின்சார வோல்ட் குறைவு. பேட்டரி, சார்ஜ் பக்கம் பார்க்க வேண்டும்.

இருசக்கர வண்டியில் சில கம்பெனிகள் லைட்டின் மினுக்கிலேயே கோடைச் சொல்லும்படி வைத்திருக்கின்றன. நீளமாக ஒரு மினுக்கு என்றால் பத்து, குட்டையாக ஒரு மினுக்கு என்றால் ஒன்று என்று கணக்கு வைத்திருக்கும் கம்பெனி உண்டு. எத்தனை மினுக்கு என்று எண்ணி எழுதிக்கொண்டு போனால் மெக்கானிக்குப் பாதி வேலை மிச்சம். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

வலிக்கிற இடம் வேறு, நோய் வேறு

சகோதரிகளே, இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். ஏமாற்றம் நடப்பதே இங்கேதான்.

"வயிறு வலிக்குது" என்று போனால் டாக்டர் உடனே வயிற்றைக் கிழிப்பதில்லை. கோடும் அப்படித்தான். வலிக்கிற இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரில் சரியாக எரியவில்லை என்று மட்டும் பொருள். காரணம் பிளக்காக இருக்கலாம், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலாக இருக்கலாம், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கலாம். பி0135 வந்தால் சென்சாரே போயிருக்க வேண்டும் என்பதில்லை. அதற்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தாலும் அதே கோடுதான். நெல் மூட்டை பக்கத்தில் வண்டி நிறுத்துகிற வீடுகளில் இது நடக்கக்கூடியதுதானே!

பி0420 வந்தவுடன் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வதும் அப்படியே. சைலன்ஸர் குழாயில் ஓட்டை இருந்தாலும், சென்சார் குறையாலும் இந்தக் கோடு வரலாம். மிஸ்ஸிங்கைச் சரி செய்யாமலே கன்வெர்ட்டரை மாற்றினால் புதியதும் கெடும்.

பிளக் என்பது இன்ஜினின் நாக்கு

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வார் இல்லையா? பெட்ரோல் வண்டியில் அந்த நாக்கு ஸ்பார்க் பிளக். சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பது அந்த ஒரு நுனிதான். உள்ளே என்ன நடக்கிறது என்பது அதில் படிந்திருக்கும்.

அதன் வேலை, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையில் சரியான நொடியில் நெருப்புப் பொறி வைப்பது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் 4 ஸ்ட்ரோக் இன்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1,500 தடவை கலவை எரிய வேண்டும். அதில் சில தவறினாலே வண்டி குலுங்கும், பிக்கப் குறையும், பெட்ரோல் வீணாகும்.

டீசல் வண்டிக்கும் டீசல் டிராக்டருக்கும் ஸ்பார்க் பிளக் கிடையாது. டீசல் அழுத்தத்தின் சூட்டிலேயே எரிகிறது. சிலவற்றில் இருப்பது ஸ்டார்ட் செய்ய உதவும் ஹீட்டர் பிளக். "டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் மாத்தினேன்" என்று யாராவது பில் கொடுத்தால் உஷாராகுங்கள்!

நிறத்தைப் பார்த்து நிலைமையை அறிவது

1. பிஸ்கட் நிறம், அல்லது லேசான சாம்பல் கலந்த பழுப்பு: நல்ல ஆரோக்கியம்.

2. காய்ந்த கறுப்புக் கரி, விரலில் துடைத்தால் ஒட்டும்: பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. புகையும் அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பது போலத்தான். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். செம்மண் ரோட்டில் ஓடும் வண்டியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்தபடி ஓட்டினாலும் இப்படி ஆகும். இதோடு பி0172-ம் வந்தால் இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன.

3. பளபளவென்று எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு: 4 ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் உள்ளே எரிகிறது. ரிங், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். சைலன்ஸரில் நீலப் புகையும் வரும், ஆயிலும் குறையும். பழைய 2 ஸ்ட்ரோக் மொபெட் என்றால் பெட்ரோலில் ஆயில் அதிகமாகக் கலந்திருக்கலாம். அளவைக் குறைத்து ஊற்றுங்கள் என்று அர்த்தமில்லை, கம்பெனி சொன்ன அளவில் ஊற்றுங்கள்.

4. பெட்ரோல் வாசனையோடு ஈரம்: பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. பொறி வரவில்லை, அல்லது திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடித்ததில் பெட்ரோல் நிறைந்துவிட்டது.

5. வெள்ளை வெளேர் என்று, நுனியில் கொப்புளம்: அதிகச் சூடு. பெட்ரோல் குறைவாகப் போவது, எங்கோ வெளிக்காற்று இழுப்பது, குளிரூட்டும் தண்ணீர் குறைவு, பிளக் நம்பர் தவறு ஆகியவை காரணமாகலாம். அலட்சியம் செய்தால் பிஸ்டன் ஓட்டையாகும். பி0171 கோடோடு சேர்ந்து வந்தால் தள்ளிப் போடவே கூடாது. கேஸ் வண்டியில் பிளக் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். அங்கே கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. முனை மழுங்கி, இடைவெளி அகன்றிருப்பது: வயதாகிவிட்டது. மாற்ற வேண்டியதுதான்.

7. வெள்ளைப் பீங்கானில் கீறல், விரிசல்: மாற்றுங்கள். மின்சாரம் அந்த வழியாக ஓடிவிடும்.

ஒரு விஷயம். வெகு நேரம் நின்ற இடத்திலேயே ஓட விட்டுவிட்டுப் பார்த்தால் நல்ல இன்ஜினிலும் பிளக் கறுப்பாகத் தெரியும். ஆகவே சில கிலோமீட்டர் வழக்கம்போல ஓட்டி, ஆஃப் செய்து, நன்றாக ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள்.

முப்பதாயிரம் கேட்ட கடன்

நம் பகுதிக் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். உறுப்பினர் ஒருவரின் வீட்டில் 4 சிலிண்டர் பெட்ரோல் வேன் ஓடுகிறது. காலையில் காய்கறி, மற்ற நேரம் வாடகை. வண்டி குலுங்க ஆரம்பித்தது, மஞ்சள் லைட்டும் எரிந்தது. ஒரு ஒர்க் ஷாப்பில், "ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும், இருபத்தெட்டாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த அக்கா குழுவில் 30,000 ரூபாய் உள்கடன் கேட்டார். பழைய கடனே பாதி பாக்கி.

கூட்டத்தில் ஊக்குநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கோடு என்ன வந்துச்சுக்கா?" பதில் இல்லை. ஸ்கேனே போடவில்லை.

வேறொரு ஒர்க் ஷாப்பில் ஸ்கேன் போட்டார்கள். பி0302 என்று வந்தது. நாலு பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் துணியில் வைத்தார்கள். மூன்று பிஸ்கட் நிறம். இரண்டாவது மட்டும் பெட்ரோல் ஈரம். ஆயில் பிசுக்கு எதிலும் இல்லை. நீலப் புகையும் இல்லை, ஆயிலும் குறையவில்லை. அப்படியானால் ரிங் மேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அடுத்து மெக்கானிக் ஒரு நல்ல சோதனை செய்தார். வண்டியை ஆஃப் செய்து, இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டார். முதலாவதின் காயிலை இரண்டாவதில் போட்டார். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். இப்போது பி0301 என்று வந்தது. காயில் போன இடத்துக்கே குறையும் போயிருக்கிறது. அப்படியென்றால் குறை காயிலில்தான். குறை இரண்டாவதிலேயே நின்றிருந்தால் பிளக்கையும் இதேபோல மாற்றிப் பார்த்து, பிறகு இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போயிருப்பார்.

ஒரு காயிலும் நாலு பிளக்கும் கூலியும் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. 30,000-க்கு எழுத இருந்த தீர்மானம் 4,000-க்கு எழுதப்பட்டது. வண்டிக்கு வண்டி விலை மாறும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி மாறாது.

முதல் ஒர்க் ஷாப்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்ல வரவில்லை. ஸ்கேனர் இல்லாமல் அனுபவத்தில் யூகம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். யூகம் அவருடையது, செலவு நம்முடையது. அதனால்தான் ஆதாரம் கேட்க வேண்டும்.

பிளக் கழற்றும்போது கவனம்

• இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் கையும் சுடும், அலுமினிய மரையும் கெட்டுவிடும்.
• கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடையுங்கள். மண் உள்ளே விழக் கூடாது.
• மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். கையால் முழுவதும் இறங்கிய பிறகுதான் ஸ்பேனர். வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் கையால் இறுகிய பிறகு அரைச் சுற்றுப் போல. பலத்தைக் காட்டினால் மரை போகும்.
• கையேட்டில் சொன்ன நம்பர் பிளக் மட்டும் வாங்குங்கள். "எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நம்பரில் சூடு தாங்கும் அளவும் அடங்கியிருக்கிறது.
• இடைவெளியும் கையேட்டில் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வருடக் கணக்கில் ஓட்டுவது சிக்கனம் அல்ல. பெட்ரோலில் அதைவிட அதிகம் போகும்.
• பிளக்கைக் கையில் பிடித்துப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டாம். அங்கே வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். பக்கத்தில் பெட்ரோல் ஆவியும் இருக்கும். புது வண்டியில் கம்ப்யூட்டரும் கெடலாம்.

பழைய வண்டி வாங்கும் முன்

கடன் போட்டுப் பழைய கார் வாங்கும் சகோதரிகள் கவனிக்க. சாவியை ஆன் செய்ததும் இன்ஜின் லைட் ஒரு தடவையாவது எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். பல்பைப் பிடுங்கி வைத்து விற்பவர்கள் உண்டு.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. விற்பதற்கு முன் ஸ்கேனரால் கோடை அழித்துவிடுவார்கள், அல்லது பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவார்கள். லைட் அணையும், குறை அப்படியே இருக்கும். ஆனால் கோடை அழித்தால் கம்ப்யூட்டரின் சுயசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். ஸ்கேன் போடும்போது "சுயசோதனை எல்லாம் முடிஞ்சிருக்கா?" என்று கேளுங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால் சமீபத்தில் யாரோ அழித்திருக்கலாம். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள். முன்பணம் கொடுக்கும் முன் பிளக்கையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வண்டி என்றால் காட்டுவதற்கு என்ன தயக்கம்?

ஒர்க் ஷாப்பில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. ஸ்கேன் போட்டீர்களா? கோடு நம்பரை எழுதிக் கொடுங்கள்.
2. இந்தப் பாகம்தான் கெட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
3. கழற்றிய பழைய பாகத்தைக் கொடுப்பீர்களா?
4. வேலைக்கு முன் எவ்வளவு ஆகும் என்று எழுதித் தருவீர்களா?
5. வேலை முடிந்து ஓட்டிப் பார்த்த பிறகு மறுபடி ஸ்கேன் போட்டுக் காட்டுவீர்களா?

கேட்பதில் வெட்கம் வேண்டாம், சண்டையும் வேண்டாம். "அண்ணே, குழுவில கணக்கு காட்டணும், எழுதிக் கொடுங்க" என்று சொன்னால் போதும். வங்கியில் பாஸ் புத்தகத்தில் வரவு பதியச் சொல்லிக் கேட்கப் பழகியவர்கள்தானே நாம்!

குழுக் கூட்டத்தில் பேச

• நம் குழுவில் யார் யாரிடம் வண்டி இருக்கிறது? யாரிடம் கையேடு இருக்கிறது? இல்லாதவர்கள் கம்பெனி டீலரிடம் கேட்டு வாங்கலாமா?
• வண்டி ரிப்பேருக்கு உள்கடன் கேட்டால் கோடு சீட்டும் மதிப்பீட்டுச் சீட்டும் வைக்க வேண்டும் என்று தீர்மானம் போடலாமா?
• வண்டி வைத்திருக்கும் பல குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பில் ஒரு ஸ்கேனர் வாங்கி வைக்கலாமா? யார் பொறுப்பு, என்ன வாடகை?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது யாராவது ஒரு பழைய பிளக்கைக் கொண்டு வாருங்கள். அது எந்த நிறத்தில் இருக்கிறது, என்ன சேதி சொல்கிறது என்று எல்லோரும் கையில் வாங்கிப் பார்ப்போம்.

– கள ஒருங்கிணைப்பாளர்